சிறுநீரகத்துக்கு எத்தனை பொருத்தம்?



கல்யாணப் பேச்சு எடுத்தால் நம் வீடுகளில் முதலில் கேட்பது ஜாதகம். தினம், கணம், மகேந்திரம் என்று ஆரம்பித்து ரஜ்ஜு, வேதை வரைக்கும் பத்துப் பொருத்தம் பார்ப்பார்கள். எட்டுப் பொருத்தம் சேர்ந்திருந்தாலும் ரஜ்ஜு தட்டிவிட்டால் பெரியவர்கள் "வேணாம்பா, விட்டுடு" என்று ஜாதகத்தை மடித்து வைத்துவிடுவார்கள்.

ஒருவருடைய சிறுநீரகத்தை இன்னொருவர் உடம்பில் வைப்பதற்கும் பொருத்தம் பார்க்கிறார்கள். அங்கே பத்து கிடையாது. முக்கியமாக மூன்றுதான். அந்த மூன்றிலும் ரஜ்ஜு மாதிரி ஒன்று இருக்கிறது. மற்றது எல்லாம் சேர்ந்தும் அது ஒன்று தட்டினால் டாக்டர் ஃபைலை மூடிவிடுவார். இந்த மாதப் பாடம் அதைப் பற்றித்தான்.

ஏன் இந்தப் பாடம்? மலேசியாவில் டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களின் எண்ணிக்கை 50,000-ஐத் தாண்டிவிட்டது. வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் ஊசி குத்திக்கொண்டு படுத்திருக்க வேண்டும். சித்தியவான், ஆயர் தாவார், புருவாஸ், பந்தாய் ரெமிஸ் என்று நம் வட்டாரத்தில் எந்தத் தாமானுக்குப் போனாலும் அப்படி ஒருவரை உங்களுக்குத் தெரிந்திருக்கும். சர்க்கரை வியாதி நம்மவர்களை எப்படிப் பிடித்திருக்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த வீடுகளில் இரண்டு விதமான பேச்சு கேட்கலாம். ஒன்று, "சொந்த ரத்தம்தானே, கண்டிப்பா சேரும்." இன்னொன்று, "சொந்தத்துல குடுக்க ஆள் இல்ல, இனி டயாலிசிஸ்தான் விதி." முதல் பேச்சு அரைகுறை. இரண்டாவது பெரும்பாலும் தப்பு. இந்த இரண்டு பேச்சால் பரிசோதனைக்கே போகாமல் காலம் தள்ளுகிற குடும்பங்கள் இருக்கின்றன. அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஒட்டு மரமும் ஒட்டாத தோலும்

தோட்டத்தில் வளர்ந்த உங்கள் தாத்தா பாட்டியிடம் ரப்பர் ஒட்டுக்கன்று எப்படிக் கட்டுவார்கள் என்று கேட்டுப் பாருங்கள். விதையில் முளைத்த கன்றின் பட்டையைக் கீறி, நல்ல பால் தரும் மரத்தின் கிளையிலிருந்து ஒரு கணுவைப் பட்டையோடு எடுத்து உள்ளே வைத்துக் கட்டுவார்கள். சில வாரத்தில் ஒட்டிக்கொள்ளும். பிறகு பழைய தலையை வெட்டிவிட்டால் ஒட்டின கணுவிலிருந்து புது மரம் எழும்பும். ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் பேர்போன 600-ஆம் எண் ரகம் நாடு முழுக்கப் பரவியது இப்படித்தான். வேர் ஒரு மரத்துடையது, தண்டு இன்னொரு மரத்துடையது. இரண்டும் சண்டை போடாமல் முப்பது வருஷம் பால் கொடுக்கும்.

மனிதனுக்கு ஏன் அப்படி நடப்பதில்லை? மரத்துக்குள் ரோந்து சுற்றுகிற போலீஸ் கிடையாது. நம் ரத்தத்தில் உண்டு. வெள்ளை அணுக்கள் இரவு பகல் சுற்றி வந்து, எது நம்முடையது, எது வெளி ஆள் என்று பார்த்துக்கொண்டே இருக்கும்.

இதை முதலில் தெளிவாகக் காட்டியவர் பீட்டர் மெடவார் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி. இரண்டாம் உலகப் போரில் தீக்காயம் பட்டவர்களுக்கு இன்னொருவர் தோலை எடுத்து ஒட்டிப் பார்த்தார்கள். முதலில் ஒட்டின மாதிரி இருக்கும், பிறகு உதிர்ந்துவிடும். அதே ஆளின் தோலை இரண்டாவது தடவை ஒட்டினால் இன்னும் சீக்கிரம் உதிர்ந்தது. அதாவது உடம்பு முதல் தடவையை மறக்கவில்லை. "இந்த ஆளை நான் முன்னாடியே பார்த்திருக்கேன்" என்று அடையாளம் வைத்துக்கொண்டது. இந்த ஞாபகம்தான் பின்னால் வரப்போகிற மூன்றாவது பொருத்தத்தின் அடிப்படை. மெடவாருக்கு 1960-இல் நோபல் பரிசு கிடைத்தது.

1954 டிசம்பர் 23-ஆம் தேதி அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் டாக்டர் ஜோசப் மர்ரே முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்றைச் செய்தார். கொடுத்தவரும் வாங்கியவரும் ஒரே கருவில் உண்டான இரட்டையர்கள். உண்மையிலேயே ஒரே கருவா என்று தெரிந்துகொள்ள, ஒருவர் தோலை மற்றவர் மேல் ஒட்டிப் பார்த்தார்கள். உதிரவில்லை. பிறகுதான் கத்தியை எடுத்தார்கள். ஒரே மரபணு, அதனால் போலீஸுக்கு வேலை இல்லை. இந்தியாவில் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி 1971-இல் வெற்றி கண்டது. நம் நாட்டில் 1975 டிசம்பரில் கோலாலம்பூர் மருத்துவமனையில் முதல் சிறுநீரக மாற்று நடந்தது. அதுவும் உறவினர் ஒருவர் உயிரோடிருந்து கொடுத்த சிறுநீரகம்.

இரட்டையர் இல்லாத மற்றவர்கள் என்ன செய்வது? அங்கேதான் பொருத்தம் வருகிறது.

முதல் பொருத்தம்: ரத்த வகை

இது உங்களுக்குத் தெரிந்ததுதான், வேகமாகப் போவோம். 'ஓ' வகைக்காரர் எல்லாருக்கும் கொடுக்கலாம், 'ஓ'விடம் மட்டும்தான் வாங்கலாம். 'ஏபி' வகைக்காரர் எல்லாரிடமும் வாங்கலாம், 'ஏபி'க்கு மட்டும்தான் கொடுக்கலாம். பாசிட்டிவ், நெகட்டிவ் என்று ரத்த தானத்தில் பார்ப்பது சிறுநீரகத்துக்குத் தடை இல்லை.

ரத்த வகையைத் தீர்மானிக்கும் மரபணு ஒன்பதாவது குரோமோசோமில் இருக்கிறது. அப்பாவிடம் ஒன்று, அம்மாவிடம் ஒன்று வாங்குகிறோம். அப்பா 'ஏ', அம்மா 'பி' என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவரும் உள்ளுக்குள் ஒரு 'ஓ'வை மறைத்து வைத்திருந்தால் பிள்ளை 'ஓ'வாகப் பிறக்கலாம். அந்தப் பிள்ளைக்குச் சிறுநீரகம் பழுதானால்? பெற்ற தகப்பனும் கொடுக்க முடியாது, பெற்ற தாயும் கொடுக்க முடியாது. "சொந்த ரத்தம்தானே" என்ற பேச்சு இங்கேயே இடறுகிறது.

இப்போது இதற்கும் வழி வந்திருக்கிறது. வாங்குகிறவர் ரத்தத்திலிருக்கும் எதிர்ப்புப் பொருளை முன்கூட்டியே வடிகட்டி எடுத்துவிட்டு, ரத்த வகை மாறின சிறுநீரகத்தையும் வைக்கிறார்கள். மலாயா பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் இதைச் செய்கிறார்கள். செலவும் மருந்தும் கூடுதல், ஆனால் கதவு முழுசாகச் சாத்தப்படவில்லை.

இரண்டாம் பொருத்தம்: உடம்பின் ஐ.சி.

நம் அடையாள அட்டை எண்ணின் நடுவில் 08 என்று இருந்தால் பேராக்கில் பிறந்தவர் என்று தெரிந்துவிடும். அதே போல நம் உடம்பின் கிட்டத்தட்ட எல்லா செல்லும் தன் மேல் ஓர் ஐ.சி.யை மாட்டிக்கொண்டு நிற்கிறது. அதற்கு எச்.எல்.ஏ. என்று பெயர். வெள்ளை அணு வந்து அதைப் பார்க்கும். நம்முடையது என்றால் விட்டுவிடும், இல்லையென்றால் தாக்கும். பிரான்ஸ் நாட்டின் ஜான் டோசே 1958-இல் இதில் முதலாவதைக் கண்டுபிடித்தார். 1980-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இந்த ஐ.சி.யை எழுதும் மரபணுக்கள் ஆறாவது குரோமோசோமில் பக்கத்துப் பக்கத்தில் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. சிறுநீரகத்துக்கு முக்கியமாகப் பார்ப்பது ஏ, பி, டிஆர் என்ற மூன்று இடங்கள். (ரத்த வகை 'ஏ', 'பி' வேறு, இது வேறு. பெயர் வைத்தவர்கள் நம்மைக் குழப்புவதற்கென்றே வைத்த மாதிரி இருக்கிறது.) அப்பாவிடம் மூன்று, அம்மாவிடம் மூன்று, ஆக ஆறு. ஒவ்வொரு இடத்திலும் மனிதர்களிடையே எத்தனையோ விதங்கள் உண்டு. உலகத்தில் இதுவரை பதிவான எச்.எல்.ஏ. விதங்கள் 30,000-க்கும் மேல். அதனால் வழியில் போகிற ஒருவரும் நீங்களும் ஆறுக்கு ஆறு பொருந்துவது மிகவும் அபூர்வம்.

ஆனால் குடும்பத்துக்குள் கணக்கு வேறு. அந்த மரபணுக்கள் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் பெரும்பாலும் ஒரே கட்டாக இறங்குகின்றன. அந்தக் கட்டை ஒரு வண்ண அட்டை என்று நினைத்துக்கொள்ளுங்கள். அப்பாவிடம் இரண்டு அட்டை: சிவப்பு, மஞ்சள். அம்மாவிடம் இரண்டு: பச்சை, நீலம். ஒவ்வொரு பிள்ளைக்கும் அப்பா ஒரு அட்டை, அம்மா ஒரு அட்டை கொடுக்கிறார்கள். எது என்பது குலுக்கல். ஆக நாலே வகைப் பிள்ளைகள்தான்: சிவப்பு–பச்சை, சிவப்பு–நீலம், மஞ்சள்–பச்சை, மஞ்சள்–நீலம்.

ஒரு தாளை எடுத்து நீங்களே எழுதிப் பாருங்கள். நீங்கள் சிவப்பு–பச்சை என்றால் உங்கள் அண்ணனோ தங்கையோ அதே சிவப்பு–பச்சையாக இருக்க நாலில் ஒரு வாய்ப்பு. ஒரு அட்டை மட்டும் ஒத்துப்போக நாலில் இரண்டு. ஒன்றுமே ஒத்துப்போகாமல் இருக்க நாலில் ஒன்று. ஆமாம், ஒரே வயிற்றில் பிறந்து, ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்த தம்பிக்கு உங்களோடு ஒரு அட்டைகூடச் சேராமல் போகலாம். அது யாருடைய குற்றமும் இல்லை.

அம்மாவும் அப்பாவும் எப்போதும் பாதிப் பொருத்தம். அதற்குக் குறையாது. தாய்மாமனிடம் உங்கள் அம்மா உங்களுக்குக் கொடுத்த அதே அட்டை இருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு. சித்தப்பா, அத்தைக்கும் அப்படியே. பங்காளி, மாமன் மச்சான் என்று நாம் பிரித்து வைத்திருப்பது எச்.எல்.ஏ.வுக்குத் தெரியாது.

இதில் நான் ரொம்ப யோசித்த கணக்கு ஒன்று உண்டு. அந்தக் காலத் தோட்டத்துக் குடும்பத்தில் ஏழு பிள்ளைகள் சாதாரணம். ஒருவருக்கு நோய் வந்தால் மற்ற ஆறு பேரில் ஒருவராவது முழுப் பொருத்தமாக இருக்க நூற்றுக்கு 82 வாய்ப்பு. இன்றைக்கு ஒரு வீட்டுக்கு இரண்டு பிள்ளை. ஒருவருக்கு வந்தால் மிச்சம் ஒருவர், வாய்ப்பு நூற்றுக்கு 25. குடும்பம் சின்னதாக ஆக ஆக, வீட்டுக்குள்ளேயே பொருத்தம் கிடைப்பதும் சுருங்குகிறது.

"அண்ணே, நம்மில் மாமன் மகள், அத்தை மகன் கட்டுறாங்களே, அதுக்கு ஏதாவது கணக்கு இருக்கா?" என்று வகுப்பில் ஒரு தங்கை கேட்டார். நல்ல கேள்வி. கணவன் மனைவி இருவருக்கும் தாத்தா பாட்டி வழியில் ஒரே சிவப்பு அட்டை வந்திருக்கலாம். அம்மா சிவப்பு–பச்சை, அப்பா சிவப்பு–நீலம் என்றால், அப்பாவிடம் சிவப்பும் அம்மாவிடம் பச்சையும் வாங்கின பிள்ளை அம்மாவுக்கு அச்சு அசலாக முழுப் பொருத்தம். இப்படிச் சொந்தத்துக்குள் திருமணம் செய்யும் சமூகங்களில் கூடப்பிறந்தவர்களைத் தாண்டி, ஒன்றுவிட்ட உறவுகளிலும் தேடிப் பார்ப்பது உண்டு. ஆனால் இதற்காகச் சொந்தத்தில் கட்டுங்கள் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மறைந்திருக்கும் பரம்பரை நோய்களும் அதே கணக்கில்தான் கூடும்.

மூன்றாம் பொருத்தம்: இதுதான் ரஜ்ஜு

மெடவார் பார்த்த ஞாபகத்தை மறுபடி நினைவுக்குக் கொண்டுவாருங்கள். ஒரு முறை வெளி ஆளின் ஐ.சி.யைப் பார்த்துவிட்ட உடம்பு, அதற்கென்று எதிர்ப்புப் பொருளைத் தயாரித்து ரத்தத்தில் வைத்துக்கொள்ளும். அந்த ஐ.சி. கொண்ட சிறுநீரகம் உள்ளே வந்தால் சில நிமிஷத்திலோ சில மணி நேரத்திலோ ரத்தக் குழாய்கள் அடைத்துச் சிறுநீரகம் செத்துவிடும். இதற்கு மருந்து கொடுத்துக் காப்பாற்றவும் நேரம் இருக்காது.

ஆகவே அறுவைக்கு முன்னால், கொடுப்பவரின் வெள்ளை அணுக்களை எடுத்து, வாங்குபவரின் ரத்த நீரோடு கலந்து பார்க்கிறார்கள். இதைக் கிராஸ்மேட்ச் என்கிறார்கள். அணுக்கள் செத்தால் பாசிட்டிவ், அதாவது பொருந்தவில்லை. 1969-இல் பட்டேல், டெராசாக்கி என்ற இரு டாக்டர்கள் வெளியிட்ட கணக்கு இது: பாசிட்டிவ் வந்தும் சிறுநீரகம் வைத்த 30 பேரில் 24 பேருக்கு உடனே பழுதானது. நெகட்டிவ் வந்த 195 பேரில் 8 பேருக்கு மட்டும்தான் அப்படி ஆனது. அதற்குப் பிறகு இந்தச் சோதனை இல்லாமல் யாரும் கத்தி எடுப்பதில்லை.

சரி, ஒருத்தர் உடம்பு இன்னொருவர் ஐ.சி.யை எப்போது பார்த்திருக்கும்? மூன்று வழி. ரத்தம் ஏற்றிக்கொண்டபோது. முன்னமே ஒரு உறுப்பு மாற்றியிருந்தால் அப்போது. மூன்றாவது, கர்ப்பம்.

இந்த மூன்றாவதில் கொஞ்சம் நில்லுங்கள். வயிற்றில் இருக்கும் பிள்ளையிடம் அப்பாவின் அட்டை ஒன்று இருக்கிறது இல்லையா? தாயின் உடம்புக்கு அது வெளி ஆள். பிள்ளையை ஒன்றும் செய்யாது, ஆனால் சில தாய்மார்களின் ரத்தம் அந்த அட்டையை ஞாபகம் வைத்துக்கொள்ளும். இருபது வருஷம் கழித்து அந்தத் தாய்க்குச் சிறுநீரகம் பழுதாகிறது. புருஷன் "நான் கொடுக்கிறேன்" என்கிறார். பெற்ற மகன் "நான் கொடுக்கிறேன்" என்கிறான். சோதித்தால் இருவருக்கும் கிராஸ்மேட்ச் பாசிட்டிவ் வரலாம். நாலு பிள்ளை பெற்ற அம்மாவுக்கு நாலு பிள்ளையில் ஒருவரும் கொடுக்க முடியாமல் போவதும் உண்டு. ஆனால் அதே அம்மா தன் பிள்ளைக்குக் கொடுக்க இந்தத் தடை கிடையாது, ஏனென்றால் பார்ப்பது வாங்குகிறவரின் ரத்தத்தைத்தான்.

அப்படி ஒரு வீட்டில் "புள்ளைங்க குடுக்க மனசில்லாம டாக்டர் மேல பழிய போடுறாங்க" என்று உறவுக்காரர்கள் பேசினால், இந்தப் பக்கத்தைக் கிழித்துக் கொடுங்கள்.

2007-இல் நாடே பார்த்தது

உங்களில் பலர் அப்போது கைக்குழந்தை. ஜோகூர், பத்து பஹாட்டைச் சேர்ந்த 14 வயதுச் சீனச் சிறுமி ஒருவர் தேசிய இருதயக் கழகத்தில் இயந்திர இருதயத்தோடு ஏறக்குறைய ஒரு வருஷம் காத்திருந்தார். 2007 அக்டோபரில் நம் பேராக்கைச் சேர்ந்த 15 வயது மலாய்ப் பையன் ஒருவர் சாலை விபத்தில் இறந்தார். அவருடைய பெற்றோர் அந்தத் துக்கத்திலும் மகனின் இருதயத்தைக் கொடுக்கச் சம்மதித்தார்கள். அவசரமாகக் கொண்டுபோய் வைத்தார்கள். சிறுமியின் உடம்பு ஏற்கவில்லை. நாடே பதறியது. அடுத்த நாளே ஜோகூரிலிருந்து இன்னொருவரின் இருதயம் கிடைத்தது. அது ஒத்துக்கொண்டது. சிறுமி பிழைத்து, மறுபடி பள்ளிக்கூடம் போனார்.

முதல் இருதயம் சேராததற்கு "வேற இனம், அதான்" என்று அப்போது பேசினவர்கள் உண்டு. அது தப்பு. ஐ.சி. எழுதும் மரபணுவில் மலாய், சீனம், தமிழ் என்று தனித்தனிப் பெட்டி கிடையாது. சில விதங்கள் ஓர் இனத்தில் கூடுதலாகவும் இன்னொன்றில் குறைவாகவும் இருக்கும், அவ்வளவுதான். ஒரே இனத்துக்குள்ளேயே சேராத ஜோடிகள்தான் ஏராளம். இருதயம் வெளியே எடுத்தால் நாலு மணி நேரம் போலத்தான் தாங்கும். அதனால் இருதயத்துக்கு ஆறு அட்டையும் பார்த்துக்கொண்டிருக்க நேரம் இல்லை. ரத்த வகை, ஆளின் உருவ அளவு, எதிர்ப்புப் பொருள் இவற்றைத்தான் பார்ப்பார்கள். சிறுநீரகம் குளிரில் ஒரு நாளைக்கு மேலும் தாங்கும் என்பதால் பொருத்தம் பார்க்க அவகாசம் உண்டு.

பொண்டாட்டி கொடுத்தால்?

இங்கேதான் இரண்டாவது பேச்சுக்குப் பதில் இருக்கிறது. கணவனும் மனைவியும் மரபணுவில் அந்நியர்கள். ஆறில் ஒன்றுகூடச் சேராமல் போகலாம். ஆனால் 1995-இல் டெராசாக்கியின் குழு அமெரிக்கக் கணக்குகளைச் சேர்த்துப் பார்த்தபோது, மூன்று வருஷம் கழித்தும் வேலை செய்துகொண்டிருந்த சிறுநீரகங்கள் இவ்வளவு: துணைவர் கொடுத்தது நூற்றுக்கு 85, பெற்றோர் கொடுத்தது 82, இறந்தவர்களிடமிருந்து வந்தது 70. பாதிப் பொருத்தமான பெற்றோருக்குச் சமமாகப் பொருத்தமே இல்லாத துணைவர்!

எப்படி? உயிரோடிருக்கும் ஒருவரின் ஆரோக்கியமான சிறுநீரகம், பக்கத்து அறையிலிருந்து பக்கத்து அறைக்கு, ரத்த ஓட்டம் நின்று அதிக நேரம் ஆகாமல் வந்து சேர்கிறது. அது பெரிய பலம். கூடவே மருந்துகள். சைக்ளோஸ்போரின் 1983-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றதிலிருந்து போலீஸை அடக்கி வைக்க ஓரளவு முடிந்திருக்கிறது. முழுப் பொருத்தம் கிடைத்தால் இன்றும் அதுதான் சிறந்தது, அதிக நாள் உழைப்பதும் அதுதான். ஆனால் இரண்டாவது பொருத்தம் குறைந்தால் கல்யாணம் நிற்காது. மூன்றாவது குறைந்தால்தான் நிற்கும்.

உறவே இல்லாத ஒருவர் கொடுக்க முன்வந்தால் நம் நாட்டில் சுகாதார அமைச்சின் குழு விசாரித்து அனுமதி தர வேண்டும். காசு கைமாறுகிறதா என்று பார்ப்பதற்காக. "இந்தியாவுக்குப் போனா வாங்கிடலாம்" என்று யாராவது இன்னமும் சொன்னால், அங்கே 1994-லேயே உறுப்பு வியாபாரத்தைத் தடுக்கும் சட்டம் வந்துவிட்டது என்று சொல்லுங்கள்.

பொருத்தமே ஆபத்தாகும் இடம்

சிறுநீரகத்தில் நீர்க்கட்டி நிறைந்து வீங்கும் பரம்பரை நோய் ஒன்று உண்டு. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டில் ஒரு வாய்ப்பு. இந்த நோயால் அண்ணனுக்குச் சிறுநீரகம் போயிற்று, தம்பி ஆறுக்கு ஆறு பொருத்தம். எல்லாருக்கும் சந்தோஷம். ஆனால் தம்பிக்கும் அதே நோய் உள்ளே வளர்ந்துகொண்டிருந்தால்? 25 வயதில் வெளியே ஒன்றும் தெரியாது. அதனால்தான் டாக்டர்கள் ஸ்கேன் எடுக்கிறார்கள், தேவையென்றால் மரபணுவையே சோதிக்கிறார்கள். சர்க்கரையும் அப்படித்தான்: அம்மா, அப்பா, அண்ணன் எல்லாருக்கும் இருக்கும் வீட்டில் 22 வயதுத் தங்கையிடம் சிறுநீரகம் வாங்க டாக்டர் தயங்கினால், அது அவர் பிடிவாதம் இல்லை.

கண், ஈரல், எலும்பு மஜ்ஜை

கண்ணப்ப நாயனார் தன் கண்ணைப் பெயர்த்து அப்பினபோது பொருத்தம் பார்க்கவில்லை. கருவிழி மாற்றில் இன்றைக்கும் பெரும்பாலும் பார்ப்பதில்லை! கருவிழியில் ரத்தக் குழாய் கிடையாது, போலீஸ் அங்கே அவ்வளவு சுலபமாக வராது. 1905-லேயே ஐரோப்பாவில் ஒரு டாக்டர் கருவிழி மாற்றி வெற்றி கண்டார். ரத்த வகைகளைக் கண்டுபிடித்து நாலே வருஷம் ஆகியிருந்த காலம் அது. ஈரலுக்கும் ரத்த வகையும் அளவும் போதும், அட்டை அவ்வளவாகப் பார்ப்பதில்லை.

எலும்பு மஜ்ஜை நேர் எதிர். ரத்தப் புற்றுநோய், தலசீமியா போன்றவற்றுக்கு மஜ்ஜை மாற்றும்போது, உள்ளே வருவது உறுப்பு அல்ல, புதுப் போலீஸ் படையே. பொருத்தம் இல்லையென்றால் அந்தப் படை நோயாளியின் உடம்பையே தாக்கும். ஆகவே இங்கே பொருத்தம் மிக நெருக்கமாக வேண்டும். கூடப்பிறந்தவர் சேராவிட்டால் பெரும்பாலும் நம் பூர்வீகத்தைச் சேர்ந்தவர்களிடம்தான் கிடைக்கும். மலேசிய ஸ்டெம் செல் பதிவேடு இருக்கிறது, சென்னையிலும் 2009-இல் தாத்ரி என்ற பதிவேடு தொடங்கியது. இந்த நாட்டில் நாம் சிறிய சமூகம். பதிவேட்டில் நம் பிள்ளைகள் பெயர் குறைந்தால் நம் நோயாளிக்கு அட்டை கிடைப்பதும் குறையும். இனம் பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

மாற்றின பிறகும் மரபணு விடுவதில்லை

டாக்ரோலிமஸ் என்ற மருந்தைச் சிறுநீரகம் வாங்கினவர்கள் நாள் தவறாமல் சாப்பிட வேண்டும். அதை உடைக்கும் நொதியின் மரபணு ஆளுக்கு ஆள் மாறும். சிலர் உடம்பு சீக்கிரம் உடைத்துவிடும், அவர்களுக்கு அளவு கூட வேண்டும். "பக்கத்து பெட் அங்கிளுக்கு ரெண்டு மாத்திரை, எனக்கு ஏன் நாலு?" என்று கேட்டால் காரணம் இதுவாகவும் இருக்கலாம். நம் தம்புன் பம்ளிமாஸ் பழம் இந்த நொதிகளில் ஒன்றைக் கட்டிப்போடும். மருந்தின் அளவு ரத்தத்தில் எகிறிவிடும். மாற்றுச் சிறுநீரகம் வைத்தவர் வீட்டுக்கு ஈப்போவிலிருந்து பம்ளிமாஸ் வாங்கிப் போகாதீர்கள். தானாக மருந்தை நிறுத்துவது அதைவிட மோசம். ஐந்து வருஷம் நன்றாக இருந்த சிறுநீரகத்தையும் உடம்பு மறக்காமல் தாக்கும்.

கொடுப்பவர் பக்கம்

நம் வீடுகளில் பொருத்தம் என்று முடிவு வந்த அன்றே ஒருவர் மேல் எல்லார் கண்ணும் விழும். பெரும்பாலும் கல்யாணம் ஆகாத தங்கை, அல்லது வேலை இல்லாத தம்பி. "நீதானே சேருற, நீ குடு." எச்.எல்.ஏ. சேர்வது ஒரு தகவல். அது கட்டளை கிடையாது. டாக்டர்கள் கொடுப்பவரைத் தனியாக உட்காரவைத்துப் பேசுவார்கள். அறுவை மேசைக்குப் போகும்வரை அவர் வேண்டாம் என்று சொல்லலாம். ஏன் என்று குடும்பத்துக்குச் சொல்ல வேண்டியதில்லை. இதை நோயாளி வீட்டில் சொல்லத் தயங்குகிறோம், ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இறந்த பிறகு கொடுக்க விரும்புகிறவர்கள் மைசெஜாத்ராவிலேயே பதிவு செய்யலாம். 1974-ஆம் ஆண்டின் மனிதத் திசுச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. ஆனால் நடைமுறையில் அந்த நேரத்தில் குடும்பத்தைக் கேட்பார்கள். பதிவு செய்துவிட்டு அம்மாவிடம் சொல்லாமல் இருந்தால் பலன் இல்லை.

அடுத்த வகுப்புக்கு முன் இந்தக் கணக்கைப் போட்டு வாருங்கள். வாங்க வேண்டியவர் ஓர் அக்கா, ரத்த வகை 'ஏ', அட்டை சிவப்பு–பச்சை, இரண்டு பிள்ளைக்குத் தாய். அவருடைய அம்மா 'ஏபி', அப்பா 'ஓ'. முதல் தம்பி 'பி', சிவப்பு–பச்சை. இரண்டாவது தம்பி 'ஏ', மஞ்சள்–பச்சை. கணவர் 'ஓ', ஒரு அட்டையும் சேரவில்லை. இந்த ஐவரில் யார் யாரைச் சோதனைக்கு அனுப்பலாம், எந்த வரிசையில்? கணவரை அனுப்பும்போது டாக்டர் எந்தச் சோதனையை ரொம்பக் கவனமாகப் பார்ப்பார்? விடையோடு காரணத்தையும் எழுதி வாருங்கள்.